ஜோங்னோவில் மூன்று கொட்டகைகள்

சியோலில் படம் பார்ப்பது என்றால் ஒரு காலத்தில் ஜோங்னோவுக்குப் போவது என்றுதான் அர்த்தம். அந்தப் பழைய கடைவீதியில் தன்சோங்சா, பிக்காடிலி, சியோல் சினிமா என்று மூன்று கொட்டகைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஒன்றில் டிக்கெட் தீர்ந்துவிட்டால் ஜனங்கள் சாலையைக் கடந்து அடுத்ததற்கு ஓடுவார்கள். அங்கும் ஹவுஸ்ஃபுல் என்றால் கள்ள டிக்கெட் விற்கும் நடுவயதுப் பெண்களிடம் பேரம் பேசுவார்கள். அதுவும் படியாவிட்டால் தணலில் சுட்ட கஷ்கொட்டையை ஒரு காகிதப் பொட்டலத்தில் வாங்கிக்கொண்டு, முகப்பில் கையால் தீட்டி ஏற்றியிருந்த பெரிய பெரிய பலகைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். சென்னை அண்ணா சாலையில் பேனர் பார்த்தே பாதி வயதைக் கழித்த எனக்கு, அந்தப் பலகைகளில் கதாநாயகியின் கண் ஒன்று சற்றே பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்ததுகூட சொந்த ஊர்ச் செய்திபோலத்தான் பட்டது. வாசலில் கணவாய்க் கருவாட்டை வாட்டி விற்பார்கள். அந்த வாசனை டிக்கெட் வாங்காமலே உள்ளே நுழைந்து, விளக்கணைந்த பிறகு ஒவ்வொரு வரிசையாக நடந்து, கடைசியில் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

1996-ல் நான் அங்கே ஆராய்ச்சி மாணவனாகப் போய்ச் சேர்ந்தபோது, கொரியப் படம் பார்க்க விரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரனைக் கொரியர்களே கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1993-ல், அந்த நாட்டில் விற்ற டிக்கெட்டுகளில் சொந்தப் படங்களுக்குக் கிடைத்த பங்கு சுமார் 16 விழுக்காடுதான். மீதி முழுக்க ஹாலிவுட்டும் ஹாங்காங்கும். 1994-ல் அதிபரின் ஆலோசனைக் குழு ஒன்று, 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே படம் சம்பாதித்தது 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தது. அந்தக் கணக்கை எங்கள் பேராசிரியர் தொடங்கி டாக்ஸி ஓட்டுநர் வரை எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். அதே ஹூண்டாய்தான் 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை ஓட்டிவிட்டது. நம் ஊர்த் தெருவில் கொரியக் கார் வந்துவிட்டதென்று அண்ணன் கடிதம் எழுதியபோது, கொரியப் படம் ஒன்றுகூட இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. கார் முந்திக்கொண்டது. படம் பின்னால் வந்தது, ஆனால் வந்த பிறகு அது காரைவிட வேகமாக ஓடியது.

நான் தங்கியிருந்த விடுதி ஒரு மேட்டுத்தெருவில் இருந்தது. மாணவர்களுக்கு அறையும் இருவேளைச் சோறும் கொடுக்கும் வீடு அது; அதை நடத்திய அம்மாளை எல்லோரும் அஜுமா என்போம். அறுபதைத் தாண்டியவர். கொரிய சினிமாவின் சரித்திரத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அவருடைய அடுப்படியில் கேட்டேன். நவம்பர் மாதத்தில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி போடும் நாளில், உப்பில் ஊறிய கோஸ் இலைகளுக்கு நடுவே மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டே அவர் சொல்லத் தொடங்கினால் கை பாட்டுக்குக் கையும் கதை பாட்டுக்குக் கதையும் ஓடும்.

"எங்கப்பா ஆரிராங் படத்தைத் தன்சோங்சாவுல பாத்தவரு தம்பி. பேசாத படம். திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு எல்லார் குரல்லயும் பேசுவாராம். படம் முடியறப்போ கொட்டகை மொத்தமும் அந்தப் பாட்டைப் பாடுச்சாம்."

திரையருகே நின்று பேசியவர் பியோன்சா. ஜப்பானிய ஆட்சிக் காலத்து மௌனப் படங்களுக்கு அவர்தான் உயிர். நடிகர்களைவிடப் பியோன்சாவுக்காகக் கூட்டம் சேர்ந்த நாட்கள் உண்டு. நம் ஊரிலும் மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்கள் இருந்தார்கள் என்று நான் சொன்னபோது, அஜுமா கோஸைக் கீழே வைத்துவிட்டு என்னை முதல்முறையாகச் சொந்தக்காரனைப்போலப் பார்த்தார். 'ஆரிராங்' 1926-ல் வந்தது; நா உன்-கியூ என்ற இளைஞர் எழுதி, இயக்கி, நடித்தது. புத்தி பேதலித்த ஒருவன் ஜமீனின் கையாளை அரிவாளால் வெட்டிவிட்டு, கட்டுண்ட கைகளுடன் ஆரிராங் மேட்டைத் தாண்டி இழுத்துச் செல்லப்படும் கதை. அடிமைப்பட்ட நாட்டுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அதை எடுத்தவர் 1937-ல், முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல் போய்விட்டார். படமும் போய்விட்டது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஒரு நாட்டின் சினிமாவுக்கு மூலக் கதையாக இருக்கும் படத்தை இன்று உயிரோடு இருக்கும் யாரும் பார்க்க முடியாது என்பது எனக்கு அன்றைக்கும் நெஞ்சை அடைத்தது, இன்றைக்கும் அடைக்கிறது.

நடிகை சோய் உன்-ஹீயின் கதையையும் அஜுமாதான் சொன்னார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்வதுபோல. 'என் அம்மாவும் விருந்தாளியும்' என்ற 1961-ஆம் ஆண்டுப் படத்தில் இளம் விதவையாக வந்து ஊரையே கலங்க வைத்தவர். 1978-ல் ஹாங்காங்கில் அவரைக் கடத்தி வடகொரியாவுக்குக் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் இயக்குநர் ஷின் சாங்-ஒக்கும் அங்கே போய்ச் சேர்ந்தார். மணமுறிவு ஆகியிருந்த அந்தத் தம்பதியை மீண்டும் சேர்த்து வைத்துப் படம் எடுக்கச் சொன்னார் சினிமாப் பித்துக்கொண்ட கிம் ஜாங்-இல். 1986-ல் வியன்னாவுக்குப் போன இடத்தில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடித் தப்பித்தார்கள். "அதை யாராவது படமா எடுத்தா ஜனங்க நம்புவாங்களா?" என்று அஜுமா கேட்டார். நம்ப மாட்டார்கள்தான். அந்த நாட்டின் சினிமாவில் நம்ப முடியாதவை பெரும்பாலும் திரைக்கு வெளியே நடந்தன. அஜுமாவின் கல்லூரி வயதுப் பையனுக்குப் படம் தொடங்குமுன் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றது நினைவிருந்தது. அரசு எடுத்த செய்திப்படமும் கட்டாயம் உண்டு. எண்பதுகளின் இறுதியில் கீதம் நின்றது, செய்திப்படம் 1994 வரை ஓடியது. ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படத்தில் வெள்ள நிவாரணமும் அணைக்கட்டுத் திறப்பும் பார்த்து முடித்த பிறகே எம்.ஜி.ஆரைப் பார்க்க முடிந்த நம்முடைய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வார இறுதிகளில் எனக்கு இருந்த ஒரே ஆடம்பரம் தெருமுனை வீடியோ கடை. அந்த நாட்களில் சியோலில் மளிகைக்கடைக்கு இணையாக வீடியோ கடைகள் இருந்தன. கொஞ்சம் வோன் கொடுத்தால் கேசட்டை ஓரிரு நாள் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் நான் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கு, காஞ்சிபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி என்றேன். அங்கிருந்துதானே போதிதர்மர் புறப்பட்டார் என்று நம்மவர்கள் சொல்கிறார்கள், அதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, சட்டைக் கையாலேயே தூசியைத் துடைத்துக் கொடுத்தார். 'போதிதர்மர் ஏன் கிழக்கே போனார்?' என்ற படம். பே யோங்-கியூன் என்ற ஓவியர், ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் இயக்கமும் தானே செய்து, வருடக்கணக்கில் எடுத்தது. 1989-ல் லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை வாங்கியது. மலைமேல் ஒரு மடம், ஒரு கிழ குரு, ஒரு இளம் துறவி, ஒரு அநாதைச் சிறுவன். சிறுவன் பறவை ஒன்றைக் கல்லால் அடித்துவிட்டு, அதைக் காப்பாற்றப் பார்த்து, அது செத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வளவு மெதுவான படத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், "சொல்லுங்க, ஏன் வந்தாரு உங்க ஊர்க்காரரு?" என்று கேட்டார். இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்கிறேன் என்றேன். தாமதக் கட்டணம் அவர் வாங்கவில்லை. இன்று அந்தப் படத்தைப் பார்க்க ஏணியும் தூசியும் வேண்டாம். அப்படி மேல்தட்டை நினைவு வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற மனிதர்தான் வேண்டும்.

இயக்குநர் இம் க்வோன்-தேக்கின் 'சோப்யோன்ஜே'யை அஜுமாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 1993-ல் தன்சோங்சாவில் வெளியாகி, சியோல் நகரத்தில் மட்டும் பத்து லட்சம் பேர் பார்த்த முதல் கொரியப் படம் அதுதான். பான்சோரி என்ற பழைய பாட்டுக் கலையை யாரும் கேட்காமல் போன காலத்தில், ஊர் ஊராக நடந்து பாடும் ஒரு தகப்பன், மகளுடைய குரலில் துயரம் கனக்க வேண்டும் என்பதற்காக அவள் கண்ணையே பறித்துவிடுகிறான். அந்தக் கொடுமையை மன்னிக்கவும் முடியாமல் அந்தப் பாட்டை மறக்கவும் முடியாமல் படம் நம்மை வைத்திருக்கிறது. ச்சோங்சாந்தோ தீவின் மண்பாதையில் அந்தக் குடும்பத்தார் மூவரும் பாடிக்கொண்டு, ஆடிக்கொண்டு தூரத்திலிருந்து நடந்து வருவார்கள். கேமரா வெட்டாமல், நகராமல், ஐந்து நிமிடத்துக்கும் மேலாகக் காத்துக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியின் சின்னத் திரையிலும் அந்தப் பாதை நீளமாகத்தான் இருந்தது. அஜுமா அதைக் கொட்டகையில் பார்த்தபோது பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணோடு கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். படம் முடிந்து இருவரும் நூடுல்ஸ் சாப்பிடப் போனார்களாம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை அஜுமா சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார்.

1996 செப்டம்பரில் பூசானில் சர்வதேசத் திரைப்பட விழா முதன்முறையாகத் தொடங்கியது. விடுதி நண்பர்களோடு முகுங்ஹ்வா ரயிலில் இரவெல்லாம் ஆடிக்கொண்டே போனேன். நாம்போ-தோங் கடைவீதியின் பழைய கொட்டகைகளில்தான் விழா. இரண்டு எட்டு வைத்தால் ஜகல்ச்சி மீன்சந்தை. இளைஞர்கள் நடுத்தெருவில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர்கள் அவர்களோடு அதே தாளில் உட்கார்ந்து சோஜு குடித்தார்கள். தொடக்கப் படமே 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்'. எத்தனையோ ஆண்டுகளாகக் கத்தரிக்கோலால் வெட்டுண்ட படங்களையே பார்த்துப் பழகிய அந்தப் பிள்ளைகள், முழுப் படம் என்றால் இப்படித்தான் இருக்குமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமே அரசியலமைப்பு நீதிமன்றம், வெளியீட்டுக்கு முன்னால் படத்தைத் தணிக்கை செய்வது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இப்போது பூசானுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். விழாவுக்கென்று 2011-ல் கட்டிய மாளிகையின் கூரை தூணில்லாமல் அவ்வளவு தூரம் நீண்டு நிற்பதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். கூரை அழகுதான். இரவெல்லாம் ரயிலில் விழித்துக்கொண்டு, என்ன படம் பார்க்கப் போகிறோம் என்றே தெரியாமல் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு போன அந்த நேரம் இரண்டரை மணிக்குள் அடங்காது.

1997-ல் அதே விழா ஒரு முதியவரைக் கிட்டத்தட்டத் தோண்டி எடுத்தது. கிம் கி-யோங். 1960-ல் 'வேலைக்காரி' எடுத்தவர். மாடி வீடு கட்டிக்கொண்ட ஒரு சங்கீத வாத்தியார் குடும்பத்துக்குள் வேலைக்காரியாக வருகிற பெண், எலிப்பாஷாணத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டையே கைப்பிடிக்குள் கொண்டுவரும் கதை. அஜுமா அதை வெளியானபோதே பார்த்தவர். "அவளைக் கொல்லு, அவளைக் கொல்லுன்னு பொம்பளைங்க எழுந்து நின்னு கத்துனாங்க, நானும் கத்துனேன்" என்றார். இயக்குநர் பல்லாண்டுகளாக மறக்கப்பட்டுக் கிடந்தார். பூசானில் அவருடைய படங்களைப் பார்த்த வெளிநாட்டவர்கள் வாய் பிளந்தார்கள். பெர்லினிலிருந்து அழைப்பு வந்தது. புறப்படுவதற்கு முன், 1998 பிப்ரவரியில், வீட்டில் தீப்பிடித்து அவரும் மனைவியும் இறந்துபோனார்கள். காலைச் சோற்றின்போது அஜுமா செய்தித்தாளைப் படித்துவிட்டு வெகுநேரம் மடிக்காமல் வைத்திருந்தார். அந்த 'வேலைக்காரி'யின் மூலச்சுருளில் இரண்டு ரீல் காணாமல் போயிருந்தது. பிறகு கிடைத்த ஒரு பிரதியில் கையால் எழுதிய ஆங்கில வசனங்கள் படத்தின்மேல் பெரிதாக விழுந்திருந்தன. 2008-ல் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அறக்கட்டளை உதவியோடு கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அந்த எழுத்துகளைச் சட்டகம் சட்டகமாக அழித்துப் படத்தை மீட்டது. யூ ஹ்யோன்-மோக்கின் 'ஒபல்தான்' கதை இன்னும் விசித்திரம். போருக்குப் பிந்தைய சியோலில் பல்வலிக்கு மருத்துவம் பார்க்கக்கூட வழியில்லாத ஒரு குமாஸ்தா, படுத்த படுக்கையில் "போகலாம், போகலாம்" என்று கத்திக்கொண்டே இருக்கும் அவன் தாய். 1961-ல் வெளியாகி, ராணுவ ஆட்சி வந்ததும் தடைபட்டது. சான் பிரான்சிஸ்கோ விழாவுக்கு ஒரு பிரதியை ஆங்கில வசனங்கள் பதித்து அனுப்பியிருந்தார்கள். பின்னாளில் எல்லாப் பிரதிகளும் போய், அந்த ஒன்றே மிஞ்சியது. யாரோ ஒருவர் ஒரு பெட்டியைக் கடல் கடத்தித் தூக்கிக்கொண்டு போனதால் ஒரு நாட்டின் ஆகச்சிறந்த படங்களில் ஒன்று பிழைத்தது.

கிம் கி-யோங் இறந்த அதே 1998-ன் தொடக்கத்தில், நாணய நெருக்கடியில் நாடு கடனில் தத்தளித்தபோது, ஜனங்கள் வரிசையில் நின்று நகையைக் கொடுத்தார்கள். அஜுமாவும் மோதிரத்தைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, 'டைட்டானிக்' பார்க்கப் போன என்னை வாசலில் நிறுத்தி, டாலர் வெளியே போகிறதே என்று அவர் கேட்டது விளையாட்டுக்கல்ல. இந்தக் கவலை அங்கே பழையது. 1988-ல் ஹாலிவுட் நிறுவனங்கள் நேரடியாகப் படம் வெளியிடத் தொடங்கியபோது எதிர்ப்பாளர்கள் கொட்டகைக்குள் பாம்பை விட்டார்கள். உள்நாட்டுப் படத்தை ஆண்டுக்கு 146 நாள் ஓட்டியாக வேண்டும் என்ற சட்டத்தைக் குறைக்கப் பேச்சு எழுந்த 1999-ல், நூறு படங்களை நெருங்கிக்கொண்டிருந்த இம் க்வோன்-தேக் தெருவில் உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டார். 2006-ல் அது 73 நாளாகக் குறைந்தேவிட்டது. நடிகர் சோய் மின்-சிக் அரசு தந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு மொழியின் சினிமாவுக்காக ஆட்கள் தலையையும் பதக்கத்தையும் கொடுத்ததை நேரிலும் செய்தியிலும் பார்த்தவன் என்பதால், கொரிய சினிமா திடீரென்று ஒரு நாள் காலையில் முளைத்தது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

1999 பிப்ரவரியில் 'ஷிரி' வந்தது. வடகொரிய உளவுப் பெண்ணும் தென்கொரிய அதிகாரியும் காதலிக்கும் படம். கொரிய ஆறுகளில் மட்டும் வாழும் ஒரு சின்ன மீனின் பெயர் அதற்கு. குளிரில் காது விறைக்க ஜோங்னோவில் வரிசை தெருவை வளைத்து நின்றது. 'டைட்டானிக்'கைவிட அதிகம் பேர் பார்த்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த நாளில் பெட்டிக்கடைக்காரர் எனக்குக் காப்பிக்குக் காசு வாங்கவில்லை. சென்னைக்குத் திரும்பிய பின் நான் கேள்விப்பட்டதெல்லாம் பெரிய பெரிய எண்கள்: 2003-ன் கடைசியில் வந்த 'சில்மிதோ' ஒரு கோடிப் பேரைத் தாண்டியது, 'தேகுக்கி' தாண்டியது, 2006-ல் போங் ஜூன்-ஹோவின் 'தி ஹோஸ்ட்' 1 கோடியே 30 லட்சத்தைத் தொட்டது. பர்மா பஜாரில் 'ஓல்ட் பாய்' வட்டுக்குக் கூட்டம் நின்றது. இயக்குநர் கிம் கி-டுக்கின் பெயரைச் சொன்னால் திரைப்படச் சங்கத்து நண்பர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எனக்கு அந்த ஆண்டுகளில் ரொம்பப் பிடித்தது லீ ஜோங்-ஹியாங் என்ற பெண் இயக்குநரின் 'வீட்டுக்குப் போகும் வழி'. 2002. நகரத்துப் பேரனைப் பேச முடியாத பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறாள் மகள். கோழி வேண்டும் என்று அவன் கேட்பது நகரத்துப் பொரித்த கோழியை. பாட்டி மழையில் நனைந்துபோய்க் கோழி வாங்கி வந்து வேகவைத்துக் கொடுக்கிறாள். அவன் அழுகிறான். பாட்டியாக நடித்த கிம் உல்-பூன் மலைக்கிராமத்து மூதாட்டி. அதுவரை ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. 40 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் பார்த்த படத்தின் நாயகியாகிவிட்ட பிறகு, தேடி வந்தவர்களின் தொந்தரவு தாங்காமல் அவர் அந்தக் கிராமத்தையே விட்டுப் போக நேர்ந்தது. 2021-ல், தொண்ணூற்று ஐந்து வயதில் காலமானார். பாட்டி கையால் சாப்பிட்டு, அதில் குறை சொல்லி வளர்ந்த எவருக்கும் இந்தப் படத்தின் கோழிக் காட்சியைத் தாண்டிப் போவது கடினம்.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1986-லிருந்து 1991 வரை ஹ்வாசோங் வட்டாரத்தில் நடந்த தொடர்கொலைகளை வைத்து போங் ஜூன்-ஹோ 2003-ல் எடுத்தது. குற்றவாளி அப்போது பிடிபடவில்லை. கடைசியில், போலீஸ் வேலையை விட்டுவிட்ட சோங் காங்-ஹோ வயல் மதகுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்ப்பார். கொலைகாரன் ஒரு நாள் இந்தப் படத்தைப் பார்க்க வருவான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து எடுத்ததாக போங் சொல்லியிருக்கிறார். 2019-ல் மரபணுச் சோதனையில் ஆள் அகப்பட்டான், வேறொரு கொலைக்காக 1994-லிருந்தே சிறையில் இருந்தவன். சிறையில் அந்தப் படத்தைப் பார்த்ததாகவும் தனக்கு எதுவும் தோன்றவில்லை என்றும் 2020-ல் நீதிமன்றத்தில் சொன்னான். அந்தக் கொலைகளில் ஒன்றைச் செய்ததாக இருபது ஆண்டு சிறையிலிருந்த நிரபராதிக்கு அந்த டிசம்பரில்தான் விடுதலைத் தீர்ப்புக் கிடைத்தது. படத்தில் போலீஸ்காரர்கள் சந்தேகப்பட்டவர்களை அடித்து உதைக்கும் காட்சிகளில் கொட்டகை சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். இப்போது மறுபடி பார்க்கையில் அந்த இடங்களில் சிரிப்பு வரவில்லை.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 2019-ல் கானில் 'பாரசைட்'டுக்குத் தங்கப் பனை. 2020 பிப்ரவரி 9 அன்று ஆஸ்கரில் நான்கு விருதுகள், ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று சிறந்த படமாவது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு 'மினாரி' என்ற அமெரிக்கப் படத்துக்காக நடிகை யூன் யோ-ஜோங் அதே மேடையேறி, தன்னை முதலில் திரைக்குக் கொண்டுவந்த கிம் கி-யோங்கின் பெயரைச் சொன்னார். 1971-ல் அவர் அறிமுகமான 'நெருப்புப் பெண்' அந்தப் பழைய 'வேலைக்காரி'யை இயக்குநர் தாமே திரும்ப எடுத்தது. தீயில் போன கிழவரின் பெயர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலித்ததைக் கேட்க அஜுமா இல்லை.

ஆனால் 'பாரசைட்' வென்ற அந்த ஆஸ்கர் மேடையின் விளக்கு அணைந்த சில வாரங்களிலேயே, கொரியாவின் கொட்டகைகள் காலியாகத் தொடங்கின. 2019-ல் 22 கோடியே 60 லட்சம் டிக்கெட் விற்ற நாட்டில் 2020-ல் ஆறு கோடிகூட விற்கவில்லை. கொரோனா போன பிறகும் ஜனங்கள் முழுசாகத் திரும்பவில்லை. 2024-ல் 12 கோடிச் சொச்சம். உலகம் முழுவதையும் ஜெயித்த சினிமா தன் சொந்தத் தெருவில் தோற்றுக்கொண்டிருக்கிறது, இதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. சமீபத்தில் சியோலுக்குப் போனபோது ஜோங்னோவில் நடந்தேன். தன்சோங்சா இருந்த இடத்தில் நிற்பது நகைமாளிகை. 1919 அக்டோபர் 27 அன்று முதல் கொரியப் படம் அங்கே திரையிடப்பட்டதை நினைவூட்ட அடித்தளத்தில் ஒரு வரலாற்றுக்கூடம் அமைத்தார்கள். சியோல் சினிமா 2021 ஆகஸ்டில் மூடியாயிற்று. எதிரே பிக்காடிலி ஒரு பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் கிளையாகிவிட்டது. கோடம்பாக்கம்போல சினிமாவுக்கே பெயராகிவிட்ட சுங்முரோவில், 1958-லிருந்து நின்ற, ஒரு காலத்தில் 70 எம்.எம். திரைக்குப் பேர்போன தேஹான் தியேட்டரும் 2024-ல் போய்விட்டது. குவாங்ஜு நகரத்தில் 1935-ல் திறந்த ஒற்றைத் திரைக் கொட்டகை மட்டும் இன்னும் ஓடுகிறது. அங்கே இப்போதும் பலகையைக் கையால் தீட்டி ஏற்றுகிறார்கள். அடுத்த முறை முதலில் அங்கேதான் போவேன்.

கிடைப்பதைப் பற்றி இனிக் குறை சொல்ல முடியாது. 2007-ல் அகப்பட்ட, 1934-ஆம் ஆண்டு மௌனப் படமான 'இளமையின் நாற்சந்தி'தான் மிஞ்சியவற்றில் மூத்த கொரியப் படம். காப்பகம் அதை மேடையில் ஒரு பியோன்சாவை நிறுத்தி, வாத்தியக்காரர்களை உட்கார வைத்துத் திரையிடுகிறது. பழைய படங்களை வசனங்களோடு யூடியூபில் இலவசமாக ஏற்றியும் வைத்திருக்கிறது. திருச்சியில் இருக்கும் என் அக்கா மகள், தொடர்களைப் பார்த்தே கொரிய மொழி கற்றுக்கொண்டவள், என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறாள். ஒபல்தானையும் வேலைக்காரியையும் அவளுக்குத் தொலைபேசியில் பெயரெழுதி அனுப்பினேன். இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, வேலைக்காரி பாத்துட்டேன். கடைசியில அந்த ஆளு திடீர்னு நம்மளப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே புத்தி சொல்றானே, அது தணிக்கைக்குப் பயந்து ஒட்டுனதுதானே?"

"அப்படியும் சொல்றாங்கம்மா. எனக்கு அது மெமரீஸ் ஆஃப் மர்டர் கடைசிப் பார்வைக்கு முன்னோடின்னு தோணும். நீயும் இதுல உண்டுன்னு சொல்ற பார்வை."

"இல்ல மாமா. அவரு தேடறாரு. இவன் தப்பிச்சுக்கிறான். ரெண்டும் ஒண்ணா?"

நான் ஒன்று சொல்ல, அவள் மறுக்க, நள்ளிரவு தாண்டியது. பக்கத்து அறையில் அவள் தங்கை விழித்துக்கொண்டு என்ன படம் என்று கேட்கும் சத்தம் வந்தது. "ஒபல்தானை அவளோட சேந்து பாத்துட்டு நாளைக்குக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.